பயந்தா திட்டு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்தச் சிப்பித்துறைக்கு ரோடுன்னு ஒண்ணு வராத காலம். உப்பும் கருவாடும் தலைச்சுமையா வெளிய போகும், ஆளு தோணியில உள்ள வரும். அப்படியாப்பட்ட காலத்துல இந்த ஊருல செய்னம்பு செய்னம்புன்னு ஒரு பொம்பள இருந்தாளாம். ஊருலயே பெரிய பயந்தாங்கொள்ளி அவதானாம்.

சிரிக்காதீக. அவ இவன்னு சொல்றேனேன்னும் பாக்காதீக. எங்க வம்சத்து மூத்தவ, அந்த உரிமையில சொல்றேன். வெளியூருலேருந்து பச்சைத் துணியும் ஊதுபத்தியுமா வந்து, "பயமே அறியாத மகான், அவுலியாவாமே உங்க மூத்தவ"ன்னு கேக்குறாக பாருங்க, அப்பதான் எனக்குக் கோவம் வருது. பயமே அறியாதவளா? நல்லாச் சொன்னாக போங்க.

பல்லி சத்தம் போட்டா பயம். ஆடு முட்ட வந்தா பயம். கெணத்துல எட்டிப் பாத்தா தன் மொகமே தண்ணியில ஆடுறதப் பாத்துப் பயம். கொடியில காயுற துணி காத்துல அசைஞ்சா அதுக்கும் பயம். கடலுன்னா சொல்லவே வேணாம், கரையில பொறந்தவ, கணுக்காலு நனைய நின்னவ இல்லையாம். பயம் வந்தா நாக்குல ஒண்ணே ஒண்ணுதான் வருமாம், "பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்." பானை மூடியத் தொறக்க ஒரு பிஸ்மில்லா, மூட ஒரு பிஸ்மில்லா. ஊருல மத்த பொம்பளைக ஒரு வாரத்துக்குச் சொல்றத அவ ஒரு பொழுதுல சொல்லிருவாளாம்.

அவளுக்கு வாய்ச்ச மாப்புள்ள கலந்தரு. சங்கு குளிக்கிற ஆளு. மூச்சப் புடிச்சு முங்கினான்னா மேல தோணியில இருக்கவன் இவன் செத்தான்னு கலிமா சொல்ல ஆரம்பிச்சிருவானாம், அப்பறந்தான் மேல வருவானாம். சுறா குறுக்க வந்தாலும் ஒதுங்க மாட்டானாம். ஒரே வீட்டுல தைரியத்தையெல்லாம் அவன்கிட்டயும் பயத்தையெல்லாம் இவகிட்டயும் அல்லா குடுத்துட்டான்னு ஊரு கேலி பேசுமாம். ரெண்டு பேருக்கும் பல்லு மொளைக்கிற பருவத்துல ஒரு பொம்பளப் புள்ள. அந்தப் புள்ளையோட வழியில வந்தவகதான் நாங்க.

இப்படி இருக்கையில, ஹஜ்ஜுக்குப் போனவக திரும்பி வர்ற காலம் வந்துச்சாம். நம்ம ஊருலேருந்து அந்த வருசம் போனவரு ஒருத்தருதான், சீனி மீரான். மத்தவகயெல்லாம் உள்நாட்டு ஊருக்காரக. நம்ம துறையில எறங்கி, இங்கேருந்து நடையாப் போகணும். கொழும்புல கப்பல் மாறி எல்லாரும் ஒரே பாய்த்தோணியில வந்துக்கிட்டிருக்காக. தோணி தூரத்துல தெரிஞ்சதுமே நம்ம ஆளுக பொறுக்கமாட்டாம சின்ன வள்ளத்த எடுத்துட்டுப் போயி, சீனி மீரான மட்டும் முன்னால கூட்டியாந்துட்டாக.

ஏன் அந்த அவசரம்? ஹஜ்ஜு முடிச்சு வர்றவரு சொந்த வீட்டு வாசல் ஏறுறதுக்கு முந்தி கேக்குற துஆவ அல்லா தட்டமாட்டான்னு ஒரு நம்பிக்கை. நம்ம சனம் விடுமா? கரையிலேருந்து அவரு வீடு வரைக்கும் நெருக்கியடிச்சு நின்னு, ஒருத்தரு கையப் புடிக்க, ஒருத்தரு கட்டிப் புடிக்க, எனக்குத் துஆ செய்யுங்க, எம் மவனுக்குத் துஆ செய்யுங்கன்னு ஒரே தள்ளுமுள்ளு. அவரும் பாவம், மக்காவுலேருந்து கொண்டாந்த பேரீச்சம்பழத்த எடுத்து, ஒவ்வொருத்தரு வாயிலயும் தன் கையாலயே ஊட்டுனாராம். செய்னம்பு மட்டும் போகல. பக்தி இல்லாம இல்ல. கூட்டத்தப் பாத்துப் பயம்.

மதியம் திரும்புறதுக்குள்ள ஹாஜியாருக்கு வாந்தி. பொறகு கழிச்சல். கண்ணு குழிஞ்சு, வெரல் சூம்பி, பொழுது சாயுறதுக்குள்ள உசுரு போயி மையத்தாயிட்டாராம். அவரு கையால பழம் வாங்குனதுல மூணு பேரு அடுத்தடுத்து விழுந்தாக. வாந்திபேதி. ஊருக்கு அப்பதான் விளங்குச்சு, தோணிக்குள்ள அது இருக்குன்னு.

அந்தக் காலத்து வாந்திபேதின்னா இப்ப உள்ளவகளுக்குத் தெரியாது. காலையில கடைக்குப் போனவன் சாயங்காலம் சந்தூக்குப் பெட்டியில போவான். ஊருக்குள்ள வந்துச்சுன்னா வீடு வீடாத் தொடச்சுட்டுப் போகும். உம்மா புள்ளையத் தொட மாட்டா, மவன் வாப்பாவத் தூக்க மாட்டான். நான் யாரையும் குத்தம் சொல்லல. பயம் அப்படி.

ஊருக்குப் பெரிய தலை அப்ப சேகனா மரைக்காயரு. அவரு ஆளனுப்பித் தோணியக் கரைக்கு வரக்கூடாதுன்னு தடுத்துட்டாரு. தோணிக்காரன் பாத்தான். இருந்த ஹாஜிமார எல்லாம் இந்தா தெரியுதே, கரைக்குக் கிழக்க, அந்த மணல் திட்டுல எறக்கி விட்டுட்டு, பாயை ஏத்திக்கிட்டுப் போயே போயிட்டான். வெறும் மணலு. ஒரு மரம் கெடையாது, ஒரு சொட்டு நல்ல தண்ணி கெடையாது.

பள்ளிவாசல்ல ஊரு கூடுச்சாம். அசனா லெப்பைதான் பள்ளியில தொழ வைக்கிறவரு. நல்ல மனுசன், ஓதுனவரு. மரைக்காயரு மார்க்கம் என்ன சொல்லுதுன்னு கேட்டாரு. நோயி வந்த எடத்துக்கு வெளிய இருக்கவக போகாதீக, அங்க இருக்கவக அத விட்டு வெளிய வராதீகன்னு நபிநாயகம் சொல்லியிருக்காகன்னு லெப்பை சொன்னாரு. உள்ளதத்தான் சொன்னாரு. மரைக்காயருக்கு அது போதும். கடல் ஓதம் வத்துனா திட்டுக்கும் கரைக்கும் நடுவுல இடுப்பளவு தண்ணிதான், நடந்து வந்துருவாகன்னு பயந்து, தோணி தள்ளுற கழியக் குடுத்து ஆளுகளக் கரையில நிறுத்திட்டாரு. தானும் ஒரு கழியோட நின்னாரு.

தண்ணி குடுக்கலையான்னு கேப்பீக. குடுத்தாக. நாலு கொடத்துல தண்ணியக் கொண்டுபோயி திட்டோட ஓரத்துல வச்சுட்டு, திரும்பிப் பாக்காம ஓடியாந்துட்டாக. எந்திரிச்சு வந்து எடுக்க அங்க யாருக்குத் தெம்பு இருக்கு? ஓதம் ஏறுச்சு, கொடம் கவுந்துச்சு. மறுநா காலையில அந்த வெறுங்கொடமெல்லாம் மெதந்து மெதந்து நம்ம கரைக்கே வந்துச்சாம். அதப் பாத்து ஊரே நடுங்கி, கிட்டப் போகாம தூர நின்னு கல்லெறிஞ்சு ஒடச்சாகளாம். அப்பறம் யாரும் தண்ணி கொண்டுபோகல.

சத்தம் ஆரம்பிச்சது அதுக்குப் பொறகுதான்.

"தண்ணி... தண்ணி..."

காத்து கிழக்கேருந்து அடிக்கிற காலம். சத்தம் அப்படியே ஊருக்குள்ள வரும். கதவச் சாத்துனாலும் வரும். நம்ம கிப்லா மேற்க, திட்டு கிழக்க. தொழுகையில வரிசையா மேற்க பாத்து நின்னா, அந்தச் சத்தம் எல்லாரு முதுகுலயும் வந்து விழுமாம். தக்பீரு கட்டி நிப்பாக, பின்னால "தண்ணி"ம்பாக. நெத்திய வச்சு சுஜூதுல விழுவாக, பின்னால "யா அல்லா, தண்ணி"ம்பாக. பள்ளியோட கிழக்கு வாசக் கதவச் சாத்திட்டுத் தொழுதாக. லெப்பை ஓதுறது அப்பயும் தடுமாறுச்சாம்.

மத்தவக காதுல பஞ்ச வச்சுக்கிட்டாக. செய்னம்புக்குப் பஞ்சு பத்தல. அடுப்புல உலை கொதிச்சா அது தண்ணி தண்ணிங்குது. புள்ளைக்குச் சங்குல பால் ஊட்டுறா, புள்ள சப்புற சத்தம் அப்படிக் கேக்குது. சோறு எறங்கல, உறக்கம் இல்ல. செத்தவக வந்து கூப்புடுறாகளோன்னு வேற பயம். கடைசியில ஒரு நா முற்பகல்ல, துப்பட்டியப் போத்திக்கிட்டு, செவுத்த ஒட்டி ஒட்டி நடந்து லெப்பை வீட்டுக்குப் போனாளாம்.

எதுக்குப் போனா? போயி அவுகளக் காப்பாத்துங்கன்னு சொல்லப் போனாளா? அதான் இல்ல. கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டுச் சொல்றா:

"லெப்பப்பா, எனக்கு அந்தச் சத்தம் கேக்கக் கூடாது. ஏதாச்சும் ஓதி நூல் கட்டி விடுங்க."

அவரும் சரின்னுட்டாரு. பயந்த பொம்பளைகளுக்கும் புள்ளைகளுக்கும் ஓதி நூல் கட்டுறது அவருக்கு வழக்கந்தான். கறுப்பு நூல எடுத்தாரு, முடிச்சுப் போட வெரல்ல சுத்துனாரு, "பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்"னு ஆரம்பிச்சாரு. நின்னுட்டாரு. மறுபடி ஆரம்பிச்சாரு, "பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்." மறுபடி நின்னுட்டாரு. நூல் கீழ விழுந்துருச்சு.

என்னமோ ஆயிப்போச்சுன்னு இவளுக்குக் குலை நடுங்கிருச்சு. லெப்பைக்கும் நோயி வந்துருச்சோன்னு நெனச்சாளாம்.

லெப்பை சொன்னாராம்: "தாயி, ரஹ்மான்னா அருளாளன், ரஹீம்னா அன்பாளன். அந்தப் பேரச் சொல்லித்தான் நான் ஓதணும். அடுத்தவக தவிப்பு உன் காதுல விழுகுது பாரு, அந்த எரக்கம் அவன் போட்டது. அவன் அருள்ல ஒரு துளி. அத எடுத்துருன்னு அவன் பேரச் சொல்லியே அவன்கிட்ட நான் எப்படிக் கேப்பேன்?"

அப்படிச் சொல்லிட்டு அவருதான் அழுதாராம். அப்பறம் சொன்னாராம், நான் சொன்ன நபிகளோட ஹதீஸு ஹக்கு, உண்மைதான், ஆனா நான் சொன்னது என் பயத்துல. நோயி நம்ம ஊருக்குள்ளயும்தான் வந்தாச்சு, நம்மள்ல மூணு பேரு கெடக்குறாக. அது வேற ஊரு இது வேற ஊருன்னு நடுவுல கழிய வச்சது நாமதான். திட்டுக்குப் போன்னு சொல்ல எனக்குத் தைரியமில்ல, போகாதன்னு சொல்ல வாயில்ல. போனா, கடைசி ஆளு எந்திரிக்கிற வரைக்கும் இந்தக் கரைய மிதிக்காத. இதுதான் அவரு சொன்னது.

பாருங்க கூத்த. சத்தம் கேக்காம இருக்க மருந்து கேக்கப் போனவளுக்குக் கெடச்சது இது.

வீட்டுக்கு வந்து திட்டுக்குப் போறேன்னு கலந்தருகிட்டச் சொன்னா. அவன் நம்பல. பல்லிக்குப் பயப்படுறவ என்னமோ உளர்றான்னு நெனச்சான். அவ கஞ்சி வடிச்சு உப்புப் போட்டுக் கலயத்துல ஊத்துறதப் பாத்ததுந்தான் அவனுக்கு மொகம் மாறுச்சாம். புள்ளைக்கு யாரு இருக்கான்னு கத்துனானாம். கடலுல வர்றதுக்கெல்லாம் நான் பயந்ததில்ல, அது கண்ணுக்குத் தெரியும், இது கண்ணுக்குத் தெரியல, எனக்குப் பயமா இருக்கு, நான் வரமாட்டேன்னானாம். கலந்தரு வாயிலேருந்து பயம்ங்குற சொல்ல அவ கேட்டது அன்னைக்குத்தான். எனக்கும் பயமா இருக்குங்க, ஆனா சத்தம் கேக்குதுங்கன்னு சொல்லிட்டு, புள்ளைய மாமியா மடியில போட்டா. புள்ள துப்பட்டியப் புடிச்சு இழுத்துச்சு. வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்துட்டு, புள்ளைக்குப் பால் ஊட்டுற சங்கையும் எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டா. இந்த எடத்துல எனக்கே தாங்காது. எத்தன தடவ சொன்னாலும் தாங்காது.

ஓதம் வத்துன நேரம். தலையில கஞ்சிக் கலயம், இடுப்புல தண்ணிக் கொடம். கரையில மரைக்காயரு கழியோட நிக்கிறாரு. குறுக்க நீட்டிட்டாரு. திரும்பிப் போன்னாரு.

அவ அழுதுக்கிட்டே சொல்றா: "கழிய எடுங்க மாமா. இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே நின்னேன்னா பயந்து திரும்பிருவேன்."

அவரு எடுக்கல. இவளுக்கு ஒடம்பு நடுங்குற நடுக்கத்துல கொடத்துத் தண்ணி தளும்பி அவரு கையில ஊத்திருச்சாம். அது நோய்த் தண்ணியா நல்ல தண்ணியான்னு யோசிக்க அவருக்கு நேரமில்ல. பதறிப்போயி கழியக் கீழ போட்டுட்டு, கைய மணல்ல தேய் தேய்ன்னு தேய்ச்சாராம். அந்தச் சந்துல இவ எறங்கிட்டா. ரெண்டு பேரு பயமும் சேந்து வழி விட்டுருச்சு.

கணுக்காலு நனைய நின்னவ இல்ல, இடுப்பளவு தண்ணியில போறா. காலுக்கடியில என்னமோ வழுக்குது, பிஸ்மில்லா. அலை நெஞ்சுல மோதுது, பிஸ்மில்லா. பின்னால கரையில யாரோ போகாத போகாதன்னு கத்துறாக, முன்னால தண்ணி தண்ணின்னு கத்துறாக. நடுக்கடலுல நின்னு கொஞ்ச நேரம் ஓன்னு அழுதாளாம். அப்பறம் நடந்தாளாம்.

திட்டுல ஏறிப் பாத்தா, அல்லாவே, அந்தக் காட்சி வேணாம். வெயில்ல வரிசையாக் கெடக்குறாக. ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்டுன வெள்ளைத் துணிய இழுத்து மூடிக்கிட்டு சில பேரு. யாரு உசுரோட இருக்கா, யாரு மையத்துன்னு தெரியல. முன்னால கெடந்தது ஒரு வயசான பொம்பள, எந்த ஊரோ என்ன பேரோ. இவ நிழல் மேல விழுந்ததும் கண்ணத் தொறந்து, கைய ஆட்டி, கிட்ட வராதங்குறா. தண்ணி தண்ணின்னு கத்துனவ, தண்ணியக் கண்டதும் வராதங்குறா.

"ஒனக்குப் பயமா இல்லையா மவளே? புள்ளகுட்டி இருக்குமே."

செய்னம்பு பக்கத்துல உக்காந்தா. சங்குல கஞ்சித் தண்ணிய மொண்டா. கை ஆடுற ஆட்டத்துல பாதி சிந்திருச்சு. அப்ப சொன்னாளாம் அந்தச் சொல்ல:

"பயந்துக்கிட்டேதான் வந்திருக்கேன். வாயத் தொற."

அந்தக் கெழவி வாயத் தொறந்துச்சாம்.

அடுத்த ஆளுகிட்டப் போனா. அவரும் அதையேதான் கேட்டாரு. இவளும் அதையேதான் சொன்னா. பயந்துக்கிட்டேதான் வந்திருக்கேன், வாயத் தொற. ஒவ்வொருத்தருகிட்டயும் அதே. கலயம் காலியாச்சு, கொடம் காலியாச்சு. கரையப் பாத்தா, லெப்பை வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தண்ணியில எறங்கிப் பாதி தூரம் வந்துட்டாராம். ஒரு கட்டுமரத்துல கொடமும் கலயமும் வச்சுத் தள்ளி விட்டாராம். அதுக்கு மேல வர அவருக்குக் கால் வரல. அன்னையிலேருந்து தெனம் ஓதம் வத்துற நேரத்துல அவரு பாதி வருவாரு, இவ பாதி போவா.

நாளு ஓடுச்சு. சில பேரு எந்திரிச்சு உக்காந்தாக. சில பேரு போயிட்டாக. அந்தக் கெழவி போயிருச்சு. கபனுக்குத் துணி இல்ல. செய்னம்பு தன் துப்பட்டிய அவுத்து, அதுல சுத்தி, எந்திரிச்சு நிக்க முடிஞ்சவகளோட சேந்து கையால மணலத் தோண்டி அடக்குனாளாம். மையத்தத் தூரத்துல பாத்தாலே கண்ண மூடிக்கிறவ. அன்னைக்கு வாய் விட்டு அலறிக்கிட்டேதான் அத்தனையும் செஞ்சாளாம். அலறுனா, ஆனா கைய எடுக்கல.

கலந்தரு என்ன செஞ்சான்? கரையில உக்காந்திருந்தான். தொழிலுக்குப் போகல. புள்ளைய மடியில வச்சுக்கிட்டு, காத்துல அவ கொரல் வருதான்னு கேட்டுக்கிட்டே இருந்தான். பயந்துக்கிட்டேதான் வந்திருக்கேன், வாயத் தொற. அந்தக் கொரல் வர்ற வரைக்கும் அவ இருக்கான்னு அர்த்தம்.

ஒரு நா அந்தக் கொரல் வரல. காலையில வரல. மதியம் லுஹருக்கு வரல. சாயங்காலம் அசருக்கு ஊரு பள்ளியில வரிசை கட்டி நின்னுச்சு, கலந்தரும் நின்னான். கிழக்கு வாசக் கதவு சாத்தியிருக்கு. லெப்பை தக்பீரு கட்டுனாரு. அப்ப பின்னாலேருந்து, லேசா, அவனுக்குத் தெரிஞ்ச கொரல்ல வருது.

"தண்ணி..."

கலந்தரு கட்டுன கைய அவுத்தான். தொழுகையில நின்னவன் திரும்புனான், மேற்க பாத்து நிக்கிற சனத்துக்கு நடுவுல கிழக்க பாத்து ஓடுனான். அந்தக் கதவ அவன் ஒதச்சுத் தொறந்த சத்தத்துல ஊரே அதிர்ந்துச்சாம். தவிக்கிற உசுரக் காப்பாத்த தொழுகைய முறிக்கலாம், முறிக்கத்தான் வேணும்னு லெப்பை பின்னாடி சொன்னாரு. நம்ம பள்ளியில தொழுகை நேரத்துல கிழக்கு வாசலச் சாத்துறதில்லையே, மழை அடிச்சாலும் சாத்துறதில்லையே, அது அன்னைக்குத் தொட்டு வந்த பழக்கம்.

ஓதம் ஏறிக் கெடக்கு. நீந்திப் போனான். திட்டுல அவ சுருண்டு கெடக்குறா. தெம்பு வந்த ஹாஜிமாரு ரெண்டு பேரு பக்கத்துல உக்காந்து கஞ்சி ஊட்டப் பாக்குறாக, அவகளுக்கே கை தூக்க முடியல. இவன் கிட்டப் போனதும் அவ வேணாம் வேணாம்னு தலைய ஆட்டுனாளாம். கிட்ட வராதீங்க, உங்களுக்குப் பயமா இருக்கும்னாளாம்.

அவன் சங்க வாங்குனான். சுறாவுக்கு ஒதுங்காதவன் கை வெடவெடன்னு ஆடுது.

"பயந்துக்கிட்டேதான் புள்ள வந்திருக்கேன். வாயத் தொற."

அவன் போனதப் பாத்து, பின்னாலயே லெப்பை முழுத் தூரமும் வந்தாரு. அவரு பின்னால இன்னும் நாலஞ்சு ஆம்பளைக. அடுத்த நாள் பொம்பளைக வந்தாக. வெயிலுக்குப் பாயக் கட்டுனாக, அடுப்பு மூட்டுனாக. அதுக்கு அப்பறம் செத்தவக ஒண்ணு ரெண்டுதான். மத்த ஹாஜிமாரெல்லாம் பொழச்சு அவக அவக ஊரு போயிச் சேந்தாக. செய்னம்பும் பொழச்சா.

கலந்தரு பொழைக்கல. அவ எந்திரிச்சு உக்காந்த அன்னைக்கு அவன் விழுந்தான். ஒரு பகல்தான். அவ மடியில தலைய வச்சுக்கிட்டே போயிட்டான். அவன அடக்குன கபரும் அந்தத் திட்டுலதான்.

அவ கரைக்கு வந்து, மாப்புள்ளைய எழந்தவ வீட்டோட இருக்குற இத்தாவுல உக்காந்தா. ஒருநா லெப்பைய வரச்சொல்லி, திரைக்குப் பின்னாலேருந்து ஒரு கேள்வி கேட்டாளாம். நான் போகாம இருந்திருந்தா எம் மாப்புள்ள இருந்திருப்பாருல்ல? இத்தன பேரு உசுருக்கு அவரு உசுரா? அல்லாவோட அருள் இதுதானா? அந்தக் கேள்விக்கு லெப்பை குர்ஆன்லேருந்து ஒரு ஆயத்து சொல்லியிருக்கலாம். சொல்லல. எனக்குத் தெரியாது தாயின்னாராம். திரைக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் அவரும் அழுதாகளாம். எனக்கும் அதுக்குப் பதில் தெரியாது, என்னையக் கேக்காதீக.

இத்தா முடிஞ்சு கொஞ்ச காலம் ஆச்சு. மழைக்காலம் வந்துச்சு. அந்தப் பாழாப்போன நோயி மறுபடி ஊருக்குள்ள நொழைஞ்சுச்சு. இந்தத் தடவ விழுந்தது மரைக்காயரு மவ. கழியப் புடிச்சுக்கிட்டு நின்னாரே, அவரு மவ. வேலைக்காரக ஓடிட்டாக, சொந்தக்காரக வாசல் பக்கம் வரல. மரைக்காயரு யாரையும் கூப்புடல. எந்த மொகத்தோட கூப்புடுவாரு? கதவச் சாத்திக்கிட்டு மவ பக்கத்துல உக்காந்துட்டாராம்.

கதவு தட்டுற சத்தம் கேட்டுச்சு. யாருன்னு கேட்டாரு. செய்னம்புன்னா. கலயத்துல கஞ்சித் தண்ணியோட, செவுத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. ஒடம்பு அன்னைக்கு மாதிரியே ஆடுது.

அவரு கதவத் தொறக்காமயே உள்ளேருந்து கேட்டாராம்: "ஒம் மாப்புள்ளையத் தின்ன நோயி தாயி. ஒனக்குப் பயமா இல்லையா?"

"அன்னைக்கு விட இன்னைக்கு ரொம்பப் பயமா இருக்கு மாமா. அன்னைக்கு எனக்குத் தெரியாது, இன்னைக்குத் தெரியும். பயந்துக்கிட்டேதான் வந்திருக்கேன். கதவத் தொறங்க."

தொறந்தாரு. அந்தப் புள்ள பொழச்சுச்சு. அதுக்கப்பறம் செய்னம்பு கெழவியாகிற வரைக்கும் ஊருல யாரு விழுந்தாலும் மொத ஆளா அவதான் போவாளாம். ஒரு தடவையாச்சும் நடுங்காமப் போனாளான்னா, போகவே இல்லையாம்.

அந்தத் திட்டுக்குப் பேரு அன்னையிலேருந்து பயந்தா திட்டு. நம்ம ஊருல நோயாளியப் பாக்கப் போறவக, என்ன நோயா இருந்தாலும் சரி, வாசல்ல சலாம் சொல்லிட்டு, பயந்துக்கிட்டேதான் வந்திருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் உள்ள போகணும். போயி, தன் கையால ஒரு வாயாச்சும் ஊட்டணும். வெளியூருலேருந்து சம்பந்தம் பண்ணி வந்தவகளுக்கு இது வேடிக்கையா இருக்கும். தைரியமா இருங்க, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிக்கிட்டு உள்ள வருவாக. படுத்துக் கெடக்குறவன் மொகத்தத் திருப்பிக்குவான். நம்ம ஆளு ஒருத்தன் நடுங்கிக்கிட்டே வந்து நின்னு அந்த வார்த்தையச் சொல்லுவான், அப்பதான் வாயத் தொறப்பான்.